பெயரைப் பின்பக்கம் எழுதுங்கள்

வாசகர் கேள்வி-பதில்: வீட்டுப் படங்களும் இலக்கியக் கோட்பாடும்

ஒரு படைப்பின் பொருளை வாசகரும் சேர்ந்துதான் கட்டுகிறார் என்ற பேச்சு இலக்கியத்தில் அறுபது ஆண்டுகளாக இருக்கிறது. வீட்டில் நாமே எடுக்கும் படங்களுக்கு அது ஒத்துவருமா, ஒத்துவந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். பெரும்பாலும் செல்போன் கேமராவை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். தனிக் கேமரா தேவைப்படும் இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் ‘ஆசிரியர் இறந்துவிட்டார்’ என்று அறிவித்ததாகப் படித்தேன். அப்படியானால், என் மகளை நானே எடுத்த படத்தில் எனக்கு இடமே இல்லையா?
— வாசகர், தஞ்சாவூர்

கொலை எதுவும் நடக்கவில்லை. பார்த்தின் அந்தச் சிறிய கட்டுரை 1967-ல் ஆங்கிலத்தில் வந்தது, மறு ஆண்டு பிரெஞ்சில் அச்சானது. ஒரு படைப்புக்கு என்ன பொருள் என்று எழுதியவரிடம் போய்க் கேட்டு முடிவுசெய்ய வேண்டியதில்லை, அதன் இழைகள் எல்லாம் வந்து சேரும் இடம் வாசகர்தான் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 1946-ல், அமெரிக்காவில் விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இரு அறிஞர்கள் வேறு பக்கத்திலிருந்து இதே கதவைத் தட்டியிருந்தார்கள். எழுதியவரின் நோக்கத்தை அளவுகோலாக வைத்துப் படைப்பை எடைபோடக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

எழுத்தைவிடப் படத்துக்கு இது இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். நீங்கள் மகளின் சிரிப்பைப் பார்த்துத்தான் பட்டனை அழுத்தினீர்கள். கேமராவோ சிரிப்போடு சேர்த்துச் சுவர்க் காலண்டரையும், அவிழ்ந்து தொங்கும் ஷூ லேஸையும், கதவோரம் பாதி தெரியும் பாட்டியின் முழங்கையையும் பிடித்துக்கொண்டது. எழுத்தாளர் தனக்கே தெரியாமல் ஒரு சொல்லை எழுதிவிடுவது அபூர்வம். படம் எடுப்பவருக்குத் தெரியாமல் ஏதாவது உள்ளே வந்துவிடுவது அன்றாடம் நடக்கிற காரியம். இருபது வருஷம் கழித்து மகளின் கண் அந்த முழங்கையில் போய் நின்றால், உங்கள் சிரிப்புப் படம் பாட்டியின் படமாகிவிடும். நீங்கள் தடுக்க முடியாது. தடுப்பானேன்?

தமிழருக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டை எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் ‘செம்புலப் பெயல்நீர்’ என்ற உவமையையே எடுத்து, செம்புலப் பெயல்நீரார் என்று புலவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

உங்கள் இடம் எது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு படத்தை எடுத்துவிட்டு 30 நாள் திறக்காதீர்கள். பிறகு படத்தைப் பார்க்காமலேயே, அந்த நேரத்தில் நடந்தது என்று உங்களுக்கு நினைவிருப்பதையெல்லாம் பத்து வரி எழுதுங்கள். இப்போது படத்தைத் திறந்து, அதில் கண்ணுக்குத் தெரியாத வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். ‘அன்று அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது’ போகும், ‘மழை நின்றிருந்தது’ தரை ஈரமாக இருந்தால் மட்டும் தங்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வரிதான் மிஞ்சும். பார்ப்பவர் கைக்குப் போய்ச் சேருவது அவ்வளவுதான். அடுத்த முறை, அடிபட்ட வரிகளில் எதையாவது படத்துக்குள் கொண்டுவர வேண்டுமா என்று யோசிக்கும் இடம் உங்களுடையது. ஜன்னலில் ஒரு மாத்திரை அட்டை போதும், காய்ச்சல் உள்ளே வந்துவிடும்.

குடும்ப ஆல்பத்தில் படங்களுக்குக் கீழே ‘கொடைக்கானலில் ஒரு மகிழ்ச்சியான தருணம்’ என்பதுபோல எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். அது படத்தைக் கெடுக்கிறது என்கிறான் தம்பி மகன். எழுதாவிட்டால் நாளைக்கு யாருக்கு என்ன தெரியும்?
— வாசகி, கோயம்புத்தூர்

தம்பி மகன் சொல்வது சரி. நீங்கள் கேட்பதும் சரி. அதனால் இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

1964-ல் பார்த் ஒரு பாஸ்தா விளம்பரத்தை எடுத்து அலசினார். படத்தோடு வரும் சொற்கள் இரண்டு வேலை செய்கின்றன என்றார். ஒன்று நங்கூரம்: படம் பல பக்கம் மிதந்து போகாமல் ஒரே பொருளில் கட்டிப்போடுவது. இன்னொன்று கைமாற்று: படத்தில் இல்லாத ஒன்றைச் சொல் கொடுக்க, இரண்டும் சேர்ந்து கதையை முன்னே நகர்த்துவது. பத்திரிகைப் படக்கதையில் வரும் வசனம் இந்த இரண்டாம் வகை. உங்கள் வரியில் ‘கொடைக்கானல்’ தகவல். ‘மகிழ்ச்சியான தருணம்’ கட்டளை. பார்ப்பவர் ஓரத்தில் நிற்கும் பையன் உர்ரென்று இருப்பதைக் கவனிப்பதற்குள், ‘எல்லோரும் மகிழ்ச்சி, அடுத்த பக்கம் போங்கள்’ என்று அது தள்ளிவிடுகிறது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸின் 1938 நூலில் படங்கள் வலப்பக்கம் மட்டும் இருந்தன. இடப்பக்கம் வெறுமை, தலைப்புகள் அந்தந்தப் பகுதியின் கடைசியில். ராபர்ட் ஃபிராங்கின் அமெரிக்கப் படங்களுக்கு நடந்தது இன்னும் சுவையானது. 1958-ல் பாரிஸில் வந்த பதிப்பில் படங்களுக்கு எதிரே அமெரிக்கா பற்றிய பலரது எழுத்துகளை அடுக்கியிருந்தார்கள். 1959-ல் நியூயார்க்கில் வந்தபோது அவையெல்லாம் போயின. அதே 83 படங்கள்தான், ஆனால் முதலாவது ஒரு நாட்டைப் பற்றிய ஆவணம்போல இருந்தது, இரண்டாவதைத் தான் உலகம் இன்றும் புரட்டுகிறது.

நம்மிடமும் ஒரு விதி உண்டு. அகத்திணைப் பாட்டில் ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். தலைவி, தோழி, செவிலி எல்லோரும் உண்டு, பெயர் மட்டும் கிடையாது. ஆனால் பெயரை மறைத்தவர்கள் மற்றதை மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த நிலம், எந்தப் பொழுது, எந்தப் பூ, எந்தப் பறவை என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். யார் என்பது திறந்திருக்கும், எங்கே எப்போது என்பது கெட்டியாக இருக்கும். வீட்டு ஆல்பத்துக்கு இதைவிட நல்ல விகிதம் கிடைக்காது.

ஆகவே பெயரும் தேதியும் பின்பக்கம் போகட்டும். பழைய நார்க் காகிதப் பிரிண்ட் என்றால் 2பி அல்லது 4பி பென்சிலால், படத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து, ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். இன்று லேபில் தரும் பிரிண்ட் பிளாஸ்டிக் பூச்சுள்ளது. அதில் பென்சில் பிடிக்காது. நிறமி மை கொண்ட மெல்லிய பேனா வாங்கி எழுதி, நன்றாக உலர்ந்த பிறகு அடுக்குங்கள். உடனே அடுக்கினால் மை அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டும். பால்பாயிண்ட் வேண்டவே வேண்டாம், அழுத்தும் கோடு முன்பக்கம் தழும்பாகத் தெரியும். இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், எந்தத் தேதி, எடுத்தவர் யார் என்ற நான்கும் போதும். உணர்ச்சியை எழுதாதீர்கள். செல்போனில் என்றால் கேலரியின் ‘விவரம்’ பகுதியில் இதே நான்கையும் பதியுங்கள். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தோடு சேர்ந்த விவரங்கள் பெரும்பாலும் கழன்றுவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

முன்பக்கம் ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்றால் கைமாற்று வகையில் எழுதுங்கள். வாசற்படியில் நான்கு ஜோடிச் செருப்பு, ஒன்று மட்டும் தலைகீழாகப் புரண்டு கிடக்கிறது என்று ஒரு படம். கீழே ‘விருந்தினர் வருகை’ என்றால் கதை முடிந்தது. ‘ஏக்கம்’ என்றால் இன்னும் மோசம். ‘மாலை 6:40’ என்று எழுதிப் பாருங்கள். ‘கரண்ட் வந்து பத்து நிமிஷம்’ என்று எழுதிப் பாருங்கள். இப்போது உள்ளே யாரோ பேசும் சத்தம் கேட்கத் தொடங்கும். மகிழ்ச்சி, தனிமை, ஏக்கம், தாய்மை, வறுமை, நம்பிக்கை: இந்த ஆறு சொற்களை ஓராண்டு எந்தப் படத்துக்கும் தலைப்பாக வைக்காமல் இருந்தாலே ஆல்பத்தின் முகம் மாறிவிடும்.

பொருள் திறந்து இருக்கட்டும் என்று வேண்டுமென்றே மங்கலாகவும் இருட்டாகவும் எடுக்கிறேன். பார்ப்பவர்கள் ‘ஒண்ணும் புரியலையே’ என்கிறார்கள்.
— வாசகர், மதுரை

அவர்கள் பேச்சைக் கேளுங்கள். இந்தத் துறையில் நுழைகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் விழும் குழி இது.

‘திறந்த படைப்பு’ என்ற கருத்தை இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1962-ல் நூலாக எழுதியபோது இசையிலிருந்துதான் தொடங்கினார். ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹௌசனின் பியானோ படைப்பு ஒன்றில் ஒரே பெரிய தாளில் 19 துண்டுகள் இருக்கும். எதிலிருந்து தொடங்குவது, அடுத்து எங்கே போவது என்பது வாசிப்பவர் விருப்பம். ஆனால் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் சுரங்கள் அச்சுப்போல எழுதப்பட்டிருக்கும். அங்கே துண்டுகள் கெட்டி, அவற்றுக்கு இடையே உள்ள உறவு மட்டும் திறப்பு. நீங்கள் செய்வது சுரங்களையே அழிப்பது.

ஆகவே படத்தில் இரண்டு மூன்று விஷயங்கள் ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும். அவை ஏன் ஒன்றாக இருக்கின்றன என்பது மட்டும் சொல்லப்படாமல் இருக்கட்டும். மேசைமேல் இரண்டு காபி டம்ளர், ஒன்று காலி, ஒன்றில் ஆடை படிந்திருக்கிறது. ஆடை படிந்திருப்பது பளிச்சென்று தெரிந்தால்தான் ‘யாருக்காக ஆறிப்போனது’ என்ற கேள்வி பிறக்கும். டம்ளரே தெரியாவிட்டால் கேள்வியும் இல்லை.

மங்கல் வேண்டும் என்றால் அளந்து சேருங்கள். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் 1/15 நொடியில் சுமார் 9 செ.மீ. நகர்வார். உடல் யாரென்று தெரியும், வீசும் கையும் தூக்கிய காலும் மட்டும் கரையும், ஊன்றிய கால் கூர்மையாக நிற்கும். 1/4 நொடியில் 35 செ.மீ.; ஆளே புகையாகிவிடுவார். எனவே 1/15-இலிருந்து 1/30-க்குள் வைத்து, சுவரோ தூணோ சாய்ந்து நின்று எடுங்கள். சுவர் கூர்மையாகவும் ஆள் கரைந்தும் இருந்தால் அது உங்கள் முடிவு என்று தெரியும். இரண்டும் ஆடியிருந்தால் கை நடுங்கியது என்றுதான் நினைப்பார்கள். செல்போனில் ‘புரோ’ அமைப்பில் இந்த வேகத்தை வைக்கலாம். பகல் வெயிலில் வைத்தால் படம் வெளுத்துவிடும். காலை ஆறரைக்கு முன்னும் மாலை விளக்கேற்றும் நேரத்திலும்தான் இது கைகூடும்.

இருட்டுக்கும் இதே கணக்கு. ஜன்னலுக்கு முன்னால் நிற்பவரை எடுக்கும்போது ஜன்னலைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டினால் முகம் முழுக்கக் கறுக்கும். பூட்டிய பிறகு சூரியக் குறியை மெல்ல மேலே தள்ளி, கன்னத்தின் கோடும் கண் பார்க்கும் திசையும் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரு மடங்காகும் அளவு, வரும். முகபாவம் தெரியாது, பார்வை எங்கே போகிறது என்பது தெரியும். வேலை செய்வது அந்தப் பார்வைதான்.

எடுத்ததைச் சோதிக்க ஐந்து பேர் போதும். தலைப்பு இல்லாமல், தனித்தனியாக, ‘இதில் என்ன நடக்கிறது?’ என்று மட்டும் கேட்டுப் பதிலை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்பார்கள், பயனில்லை. ஐந்து பேரும் ஒரே பதில் சொன்னால் படம் மூடியிருக்கிறது. ஐந்து பேரும் உதட்டைப் பிதுக்கினால் படம் காலி. பதில்கள் வேறு வேறாக இருந்து, ‘ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?’ என்றதும் ஒவ்வொருவரும் படத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினால் படம் தேறிவிட்டது. அந்த விரலைத்தான் கவனிக்க வேண்டும்.

போர்ட்ரெய்ட் மோடில் எடுத்தால் படம் அழகாக இருக்கிறது. அதில் என்ன குறை?
— வாசகி, சேலம்

அழகில் குறையில்லை. ஆனால் பின்னணியை அழித்துவிட்டு, ‘முகத்தை மட்டும் பார்’ என்கிறது அது. கண் உலாவ வேறு இடமே இல்லை. அதை அணைத்துவிட்டு, செல்போனின் முதன்மை லென்ஸில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். அந்தச் சிறிய சென்சாரில் பின்னணியும் ஓரளவு தெளிவாகவே வரும். முழுச் சட்டகக் கேமரா என்றால் 35 மி.மீ. லென்ஸ், துளை அளவு எஃப்/11, மூன்று மீட்டரில் ஃபோகஸ்: சுமார் 1.7 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். 50 மி.மீ., எஃப்/2.8, இரண்டு மீட்டர் என்று வைத்தால் தெளிவின் ஆழம் வெறும் 26 செ.மீ.

பார்த் சொல்லும் ‘பங்க்டம்’ என் படங்களில் வர வேண்டும். எதை வைத்தால் வரும்?
— வாசகர், யாழ்ப்பாணம்

வைத்தால் வராது. அதுதான் சிக்கலே.

பார்த் 1980-ல் வெளியான ‘கேமரா லூசிடா’ நூலில் படம் பார்ப்பதை இரண்டாகப் பிரித்தார். காலம், ஊர், உடை, அரசியல் என்று பொதுவாக எல்லோருக்கும் கிடைக்கும் ஆர்வம் ‘ஸ்டூடியம்’. படத்திலிருந்து எழும்பி வந்து ஒருவரை மட்டும் குத்தும் சின்ன விஷயம் ‘பங்க்டம்’. எடுத்தவர் திட்டமிட்டு வைத்த விவரம் தன்னைக் குத்துவதில்லை என்றும் எழுதினார். மேசைமேல் நீங்களே கொண்டுபோய் வைத்த உடைந்த மூக்குக்கண்ணாடி ‘பார், நான் சோகம்’ என்று கூவும்.

அவர் காட்டிய உதாரணம் ஜேம்ஸ் வான் டெர் ஸீ 1926-ல் நியூயார்க்கில் எடுத்த ஒரு கறுப்பினக் குடும்பத்தின் படம். அதில் நிற்கும் பெண்ணின் வார் வைத்த காலணிதான் தன்னைத் தைத்தது என்று முதலில் சொன்னார். பல பக்கம் தள்ளி, படத்தை மூடிவைத்த பிறகு, இல்லை இல்லை, அவள் கழுத்துச் சங்கிலிதான் என்றார். அது மெல்லிய தங்கப் பின்னல், தன் வீட்டில் மணமாகாமலே வாழ்ந்த அத்தை அணிந்தது என்று நினைவுகூர்ந்தார். பின்னர் ஆய்வாளர்கள் படத்தை உற்றுப் பார்த்தபோது அந்தப் பெண்ணின் கழுத்தில் இருப்பது முத்துமாலை. சங்கிலி பார்த்தின் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்து படத்தில் ஏறிக்கொண்டது!

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது, குத்துவதற்கு இடம் விட்டுவைப்பது மட்டுமே. எடுத்தவுடன் கிராப் செய்யாதீர்கள். விளிம்பில் வந்துவிட்ட வாளி, பாதி ஆள், சுவிட்ச் போர்டு எல்லாம் மூன்று மாதம் அப்படியே இருக்கட்டும். பிறகு 4×6 பிரிண்ட் போட்டு, எல் வடிவில் வெட்டிய இரண்டு அட்டைத் துண்டுகளை மேலே வைத்து நகர்த்தி, நான்கு விளிம்பையும் ஒவ்வொன்றாக மறைத்துத் திறந்து பாருங்கள். எதை மறைக்கும்போது ‘ஐயோ’ என்று தோன்றுகிறதோ அதை வெட்டாதீர்கள். செல்போனின் ‘அழிப்பான்’ வசதியைக் குடும்பப் படங்களில் தொடவே தொடாதீர்கள்.

குறுந்தொகையின் 25-ஆம் பாட்டில் கபிலர் ஒரு குருகை நிற்கவைக்கிறார். தலைவன் தலைவியைக் கூடியபோது சாட்சி யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற, தினைத்தாள் போன்ற கால் கொண்ட குருகு மட்டும் இருந்தது. அது இவர்களைப் பார்க்கவே இல்லை. காலின் நிறம்வரை சொன்னவர், குருகு எதற்கு என்று சொல்லவில்லை. சட்டகத்தின் ஓரத்தில் இப்படி ஒரு குருகு நிற்க விடுங்கள்.

வயதான அம்மாவைக் கவனிப்பதால் வெளியே போக முடியாது. அதே சமையலறை, அதே ஜன்னல். இதில் எடுக்க என்ன இருக்கிறது?
— வாசகி, திருநெல்வேலி

ரஷ்ய விமர்சகர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917-ல் எழுதிய கட்டுரை உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். பழகப் பழகப் பொருள்கள் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன, கல்லைக் கல்லாக மறுபடி உணரவைப்பதுதான் கலையின் வேலை என்றார் அவர். டால்ஸ்டாயிடம் அவர் கண்ட உத்தி எளிமையானது: பொருளின் பெயரைச் சொல்லாமல், முதல்முறை பார்ப்பவர்போல வர்ணிப்பது. ஒரு கதையில் டால்ஸ்டாய் குதிரையின் வாயிலாக மனிதரின் சொத்துரிமையைப் பேசவைத்ததை எடுத்துக்காட்டினார்.

கேமராவில் இதற்கு நேர் வழி உயரத்தை மாற்றுவது. நாம் எல்லாவற்றையும் நின்ற கண் மட்டத்திலிருந்தே எடுக்கிறோம். மூன்று வயதுக் குழந்தையின் கண் மட்டம் சுமார் 85 செ.மீ.; சமையல் மேடையின் அடிப்பகுதிதான் அதற்கு உலகம். கட்டிலில் படுத்திருக்கும் உங்கள் அம்மாவின் கண் மட்டம் இன்னும் கீழே, பார்வை மேலே. ஒரு வாரம் அவர் தலையணைப் பக்கத்தில் செல்போனை வைத்து, அவர் பார்க்கும் திசையில் தினம் ஒரே ஒரு படம் எடுங்கள். மின்விசிறி, மருந்து ஸ்டூலின் விளிம்பு, குனிந்து பேசும் உங்கள் தாடை. அவரை எடுக்கவே வேண்டாம். அந்த ஏழு படமும் சேர்ந்து அவரைக் காட்டிவிடும்.

இரண்டாம் வாரம், பெயர் சொல்லாமல் எடுக்கும் பயிற்சி. தோசைக்கல் வேண்டும், ஆனால் பார்த்ததும் ‘தோசைக்கல்’ என்று சொல்லக் கூடாது, இரண்டு நொடி தயங்க வேண்டும். அருகே போகும் தூரத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் இந்தத் தயக்கம் பிறக்கும். செல்போனின் முதன்மை லென்ஸ் பொதுவாக 10 செ.மீ.க்குக் கீழே ஃபோகஸ் ஆகத் திணறும். மிக அருகே போனால் பல ஃபோன்கள் தாமாகவே அகல லென்ஸுக்கு மாறிவிடும். படம் நெளிந்தால் காரணம் அதுதான். 20 செ.மீ.யில் நின்று இரண்டு மடங்கு ஜூம் வைப்பது நல்லது. ஆனால் விடுகதைப் படமாக ஆக்கிவிடாதீர்கள். ‘ஓ, தோசைக்கல்லா!’ என்று கண்டுபிடித்ததும் தீர்ந்துபோகும் படம் ஒருமுறைதான் விலைபோகும். தயக்கம் தீர்ந்த பிறகும் கல்லின் மேல் எண்ணெய் வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்ற வேண்டும்.

மகன் கல்யாணப் படங்கள் 1,800 வந்திருக்கின்றன. முகூர்த்தம், தாலி, விருந்து என்று அடுக்கினால் எல்லோர் ஆல்பம்போலவும் இருக்கிறது. வேறு எப்படி அடுக்குவது?
— வாசகர், விருதுநகர்

1976-ல் ஜெர்மன் இலக்கிய அறிஞர் வொல்ஃப்காங் ஈஸர் எழுதிய வாசிப்புக் கோட்பாட்டில் ‘வெற்றிடம்’ என்று ஒரு கருத்து வருகிறது. கதையில் இரண்டு பகுதிகள் அடுத்தடுத்து வந்து, இணைப்பு சொல்லப்படாமல் இருக்கும்போது வாசகர் உள்ளே புகுந்து பாலம் கட்டுகிறார். தொடர்கதையை வாரம் ஒன்றாகப் படித்தவர்கள், அதையே முழு நூலாகப் படித்தவர்களைவிட ரசித்ததற்கும் அதைத்தான் காரணமாகச் சொன்னார். ஆனந்தமாகத் தொடர்கதை படித்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செய்முறை இது. முதல் நாள் சிறு உருவங்களாக ஓடவிட்டு, யோசிக்காமல் 60 படம் பொறுக்குங்கள். ஒரு வாரம் விட்டு, 40 ஆக்கி, 4×6 பிரிண்ட் போடுங்கள். திரையில் அடுக்க முயலாதீர்கள், கை நகர்த்துவதுபோல வராது. தரையில் பரப்பி, இரண்டிரண்டாக ஜோடி சேருங்கள். மூன்று படம் வரிசையாக ஒரே நிகழ்ச்சியைச் சொன்னால் நடுப்படத்தை எடுத்துவிடுங்கள். தாலி கட்டும் படம் எல்லா ஆல்பத்திலும் உண்டு. அதற்கு முந்திய நொடியில் பெண்ணின் அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்த கை ஒரு பக்கம், பிறகு காலியான மேடையில் மிதிபட்ட அட்சதை மறுபக்கம் என்று வையுங்கள். நடுவில் நடந்ததைப் பார்ப்பவர் தானே வைத்துக்கொள்வார். கடைசியில் 24 நிற்கட்டும்.

இரண்டு இடங்களில் கெட்டுப்போகும். எல்லாவற்றையும் வெற்றிடமாக்கினால் இது கல்யாணமா காதுகுத்தா என்றே தெரியாது. ஆகவே 24-ல் குறைந்தது நான்கு, முகம் தெரியும், சடங்கு தெரியும் நேர்ப்படங்களாக இருக்கட்டும். அடுத்தது, வட்டத் தாம்பாளத்துக்கு எதிரே வட்டக் கோலம் என்று வடிவப் பொருத்தம் பார்ப்பது. ஆல்பத்துக்கு ஒருமுறை செய்யலாம். இரண்டாம் முறை வந்தால் ஜாதகப் பொருத்தம் ஆகிவிடும்.

ஸ்டூடியோவில் கரிஷ்மா ஆல்பம் என்றால் ஒரு பக்கத்தில் ஐந்து படத்தை ஒன்றின்மேல் ஒன்றாகக் கரைத்து, ஓரத்தில் ஆங்கிலக் கவிதை போட்டுத் தருவார்கள். பக்கத்துக்கு ஒரே படம், வெள்ளைப் பின்னணி, எழுத்து கூடாது என்று எழுதிக் கொடுங்கள். 12×36 அங்குல விரிப்பில் நடு மடிப்பு 18-ஆவது அங்குலத்தில் விழும்; முகம் அங்கே வராமல் பாருங்கள். பெரிய வெற்றிடங்களை எதிரெதிர்ப் பக்கங்களில் வைப்பதைவிடப் பக்கம் திருப்பும் இடத்தில் வையுங்கள். தாளைப் புரட்டும் ஒரு நொடி உங்களுக்காக வேலை செய்யும்.

மறைந்த அப்பாவின் படத்தைப் பார்த்த உறவினர் ஒருவர் ‘குடித்துவிட்டு நிற்கிறார்’ என்றார். அப்பா குடித்ததே இல்லை. திறந்த வாசிப்பு என்றால் இதையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?
— வாசகர், திருச்சி

வேண்டாம். திறந்த படைப்பைப் பற்றி எழுதிய அதே எக்கோ, 1990-ல் வாசிப்பின் எல்லைகளைப் பற்றியும் ஒரு நூல் எழுத வேண்டிவந்தது. படைத்தவர் நினைத்தது, வாசிப்பவர் கொண்டுவருவது என்ற இரண்டுக்கும் நடுவில், படைப்பு தாங்குவது என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்றார். ஒரு பகுதியை வைத்துச் செய்த ஊகத்தை மற்றப் பகுதிகள் மறுத்தால் அந்த ஊகம் விழும்.

உறவினரிடம் ‘எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் பாதி மூடிய இமையைக் காட்டுவார். ஓர் இமைப்பு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை நீடிக்கும். 1/125 நொடி ஷட்டர் அதன் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். பிறகு மற்றதைப் பாருங்கள்: இரண்டு காலிலும் எடை சமமாக இருக்கிறதா, கையில் உள்ள டம்ளர் தளும்பாமல் இருக்கிறதா, அதே நிமிடத்தில் எடுத்த முன்பின் படங்களில் கண் எப்படி இருக்கிறது? பார்த்தின் தங்கச் சங்கிலி அவர் அத்தையைப் பற்றிய உண்மை. அந்தப் படத்துப் பெண்ணைப் பற்றிய தகவலாக எடுத்தால் பிழை. உங்கள் உறவினர் சொன்னதும் அப்படித்தான்; அது அவரைப் பற்றி ஏதோ சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. தெரியாதவர்களை எடுத்த படங்களுக்கு இந்தத் திறப்பு எல்லாம் எச்சரிக்கையோடுதான். மதியம் லாரி நிழலில் படுத்திருக்கும் சுமைதூக்குபவரை எடுத்து, விவரமின்றி வெளியிட்டால் பத்துப் பேர் ‘வறுமை’ என்பார்கள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்கிறார், அவ்வளவுதான். அங்கே நங்கூரம் வேண்டும்: இடம், நேரம், அவர் சம்மதம். செய்திப் படத்துக்கும் அப்படியே.

ஃபோனே ‘நினைவுகள்’ என்று வீடியோ செய்து தருகிறதே, அது போதாதா?
— வாசகி, சென்னை

பாட்டு, தலைப்பு, வரிசை மூன்றையும் அதுவே போட்டுவிடுகிறது. பார்த் சொன்ன நங்கூரம் மூன்று, ஒரே படகுக்கு. பாட்டை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இதில் எந்த நூலை முதலில் படிப்பது?
— வாசகர், பெங்களூரு

பார்த்தின் ‘கேமரா லூசிடா’. 48 சின்னப் பகுதிகள்தான். நாளுக்கு ஒன்று, பக்கத்தில் உங்கள் வீட்டு ஆல்பத்தை வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டாம் பாதி முழுக்க, இறந்துபோன தன் அம்மா ஐந்து வயதில் ‘குளிர்காலத் தோட்டம்’ எனப்படும் கண்ணாடிக் கூடத்தில் நிற்கும் பழைய படத்தைச் சுற்றியே போகும். அந்தப் படத்தைத் தேடிப் பக்கங்களைப் புரட்டாதீர்கள். நூலில் இல்லை. தனக்கு மட்டுமே அது இருக்கிறது, மற்றவர்களுக்கு ஆயிரத்தில் ஒரு பழைய படம் என்று சொல்லி அவர் அச்சிடாமல் விட்டுவிட்டார்.